பின்சந்துல உடைஞ்சு கிடக்குற 11 பூந்தொட்டி

வியாழக்கிழமை ராத்திரி நம்ம ரங்கூன் தெருவோட பின்சந்துல நாங்க வச்சிருந்த 11 பூந்தொட்டியை யாரோ உடைச்சுப் போட்டது இங்க எல்லாருக்கும் தெரியும். போட்டோவும் பார்த்திருப்பீங்க. யார் உடைச்சதுன்னு நான் கேட்கப் போறதில்ல. அந்தப் போட்டோவுக்குக் கீழ "நல்லதாப் போச்சு, கொசுவாவது குறையும்"னு நம்ம ஆள் ஒருத்தரே எழுதினாரே, அதுதான் என்னை ரெண்டு நாளா தூங்க விடல.

அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? குப்பை. 1852ல வெள்ளைக்காரன் ரங்கூனைப் பிடிச்ச பிறகு, கோடு கிழிச்ச மாதிரி தெரு போட்டு, ரெண்டு வரிசை வீட்டுக்கும் நடுவுல கழிவு எடுக்க விட்ட சந்து அது. அப்புறம் மாடிக்கு மேல மாடி ஏறுச்சு. முன்பக்கம் கயிறு விட்டு காய்கறி வாங்கினோம், பின்பக்கம் ஜன்னலைத் திறந்து பையைக் கட்டி வீசினோம். மழைக்காலத்துல சாக்கடை அடைச்சு, எலி நம்ம அடுப்படிக்கே வந்துச்சு. அப்பல்லாம் ஒருத்தரும் கொசுவைப் பத்தி எழுதல.

டோ எய்ன்னு ஒரு அமைப்புக்காரங்க டவுன்ல சில பின்சந்துகளைச் சுத்தம் பண்ணி, சுவர்ல படம் வரைஞ்சு, செடி வச்சாங்க. அதைப் பார்த்துட்டு நாங்க ஆறு வீட்டுக்காரங்க எங்க கைக்காசுல ஆரம்பிச்சதுதான் இது. செவ்வந்தி, கனகாம்பரம், அடுக்குமல்லி, பாய் வீட்டம்மா கொடுத்த காகிதப்பூ. முதல் செவ்வந்தி பூத்த வாரத்துலயே மேல இருந்து பை விழுறது பாதியாக் குறைஞ்சுது. பூ இருக்குற இடத்துல குப்பை போட மனுஷனுக்குக் கை கூசும். நான் சொல்றது இது ஒண்ணுதான்.

கொசு விஷயத்துல நியாயம் இருக்கு, ஒத்துக்கிறேன். டெங்கு கொசு தேங்கின நல்ல தண்ணியிலதான் முட்டை வைக்கும். முட்டை கொசுவாப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரம் ரெண்டு தடவை தொட்டித் தட்டுல இருக்குற தண்ணியைக் கொட்டிட்டு, தட்டுல மணல் நிரப்பி வச்சோம். அதே மழைத்தண்ணி தேங்குற பிளாஸ்டிக் டப்பாவை நீங்க வீசினீங்களே, அதை யார் கவுத்து வச்சா? நாங்கதான்.

இந்தக் காசுக்கு அரிசி வாங்கிக் கொடுத்திருக்கலாம்னு இன்னொருத்தர். அரிசியும் கொடுத்திருக்கோம். அதை நான் போட்டோ எடுத்துப் போடல.

எங்க ஆயா, ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற தன்லின் ஊர்ப்பக்கம் வயல்ல வேலை பார்த்தவங்க. பீலிக்கான் முனீஸ்வரன் கோயிலுக்குப் போறப்பெல்லாம் கையில கனகாம்பரச் சரம் இருக்கும், அவங்களே கட்டினது. டவுனுக்கு வந்து நாலாவது மாடியில அடைஞ்சப்போ மண்ணெண்ணெய் டின்ல மண்ணை நிரப்பி, பால்கனியில அதே செடியை வச்சாங்க. கீழ்வீட்டுக்காரங்க தண்ணி சொட்டுதுன்னு சண்டை போட்டாங்க. ஆயா சண்டைக்குப் போகல. மறுநாள் ஒரு முழம் கட்டி எடுத்துட்டுக் கீழ இறங்கினாங்க. அந்த வீட்டு பர்மாக்கார அம்மா அதைப் புத்தர் முன்னாடி குவளையில வச்சாங்க. ஆயா சாகுற வரைக்கும் ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியாத்தான் இருந்தாங்க.

அந்தச் செடியோட வித்துல வந்ததுதான் வியாழக்கிழமை உடைஞ்ச மூணாவது தொட்டி. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

வெள்ளிக்கிழமையானா சாமிக்கு மாலை வாங்குறோம். சித்திரைத் தண்ணித் திருவிழாவுல மஞ்சள் படவுப் பூ பூத்தா, பர்மாக்காரங்களோட சேர்ந்து நாமளும் தலையில வச்சுக்கிறோம். பூ வேண்டாம்னு சொல்ற சனம் இல்லையே நாம? நம்ம வீட்டு ஜன்னலுக்குக் கீழ அது வளர்ந்தா மட்டும் ஏன் இவ்வளவு கோபம்? "உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டவரு என் சொந்தக்காரர். சின்ன வயசுல ஆயா கட்டின சரத்தை அவர் பொண்ணுக்கும் வச்சு விட்டிருக்காங்க. அது ஞாபகம் இருந்தா அப்படிக் கேட்டிருப்பாரா?

வேரோட கிடந்த ஒரு கனகாம்பரத்தைத் தண்ணி டப்பாவுல வச்சிருக்கேன். இன்னும் வாடல. ஞாயிறு காலையில ஆறு மணிக்குச் சந்துல இருப்பேன். பழைய டின் இருந்தாலும் போதும், கொண்டு வாங்க. கொசுன்னு எழுதினவரும் வாங்கண்ணே, தட்டுல மணல் போட ஒரு ஆள் வேணும்.