மாதிரிப் படத்தை எடுத்து உள்ளே வையுங்கள்

மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளைக் கைவேலைக்கு உட்கார வைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செய்து முடித்த ஒன்றை முன்னால் வைத்து "இதே மாதிரி செய்" என்று சொல்லாதீர்கள். வகுப்புச் சுவரில் இருபது காகிதத்தட்டு மீன்கள் தொங்குகின்றன, இருபதுக்கும் ஒரே இடத்தில் கண், ஒரே ஆரஞ்சு வால் என்றால், அங்கே யோசித்தவர் ஆசிரியர் ஒருவர்தான். பிள்ளைகள் வெட்டினார்கள், ஒட்டினார்கள், விரல்களுக்குப் பயிற்சி கிடைத்தது. ஆனால் எதை எங்கே வைப்பது, எதை விடுவது, நினைத்தது வராவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விகள் அவர்களிடம் போகவே இல்லை. படைப்பாற்றல் வளர்வது அந்தக் கேள்விகளில்தான்.

எலிசபெத் பொனவிட்ஸும் லாரா ஷுல்ஸும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதற்குப் பொருத்தமானது. சிறு குழந்தைகளிடம் ஒரு புது விளையாட்டுப் பொருளைக் கொடுத்தார்கள். கீச்சொலி, விளக்கு, இசை, முகம் பார்க்கும் கண்ணாடி என்று அதில் நான்கு விஷயங்கள் ஒளிந்திருந்தன. ஒரு குழுவுக்கு "இது இப்படித்தான் வேலை செய்யும், பார்" என்று கீச்சொலியைச் செய்து காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மீதியைத் தேடியது குறைவு. பெரியவர் காட்டியது இவ்வளவுதான் என்றால் உள்ளே வேறொன்றும் இல்லை என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரி மீன் செய்கிற வேலையும் இதுவே.

அதற்காக ஒன்றுமே சொல்லித்தராமல் பொருளைக் கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும் சரியல்ல. என்ன செய்வது என்பதைக் குழந்தையிடம் விடுங்கள். எப்படிச் செய்வது என்பதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள்.

அட்டைப்பெட்டி வேலையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் பெயின்ட்டைவிடக் குழந்தையை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான், ஏனென்றால் இங்கே செய்தது நிற்க வேண்டும். பாதியில் அழுகை வருவதும் இங்கேதான்: ஒட்டியது கழன்று விழும். பசை காயும்வரை பிடித்துக்கொண்டிருக்கச் சின்னக் கைகளுக்குப் பொறுமை இருக்காது. செலோடேப் தன்மேலேயே ஒட்டிச் சுருண்டுவிடும். கையாலேயே கிழிக்க முடிகிற காகித மாஸ்கிங் டேப்பைக் கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு இரண்டு இணைப்புகளைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

முதலாவது, காகிதக் குழாயை நிற்க வைப்பது. குழாயின் ஒரு முனையில் சுற்றிலும் ஐந்தாறு இடத்தில் 2 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்தத் துண்டுகளை இதழ்போல வெளிப்பக்கம் மடக்கி, அடி அட்டையில் வைத்து டேப் போட வேண்டும். இரண்டாவது, காடி. இரண்டு அட்டைகளிலும் பாதி உயரம்வரை ஒரு வெட்டு, பிறகு ஒன்றை ஒன்றில் செருகுவது. வெட்டின் அகலம் அட்டையின் தடிமன் அளவுதான் இருக்க வேண்டும், கூடினால் ஆடும். அட்டைக்குள் நெளிநெளியாக ஓடும் அடுக்கையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நெளி ஓடும் திசையிலேயே மடித்தால் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் அடம்பிடித்து நசுங்கும். தடித்த அட்டையைக் கத்தியால் வெட்டுவது பெரியவர் வேலை. குழந்தை கோடு போட்டுத் தரட்டும், அந்தக் கோடு கோணலாக இருந்தால் கோணலாகவே வெட்டுங்கள். இடது கைப் பிள்ளைக்கு இடது கைக் கத்தரிக்கோல் வேண்டும். வலது கைக்கானதில் வெட்டும் கோடு மறைந்துபோகும், காகிதமும் வெட்டுப்படாமல் மடங்கும்.

பெயின்ட் என்றதும் பன்னிரண்டு கலர் டப்பாவைத் திறந்து வைக்கிறோம். ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேறாகிவிடும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஒன்றாகக் கலந்தால் பழுப்புதான் வரும், அது குழந்தையின் தவறு இல்லை. முதல் வாரம் மஞ்சள் இரண்டு டீஸ்பூன், நீலம் அரை டீஸ்பூன் மட்டும் வையுங்கள். நீலம் வலுவான நிறம், சமமாக வைத்தால் மஞ்சளை விழுங்கிவிடும். பச்சை தானாக வரட்டும், "கலந்தால் பச்சை வரும்" என்று முந்திக்கொள்ளாதீர்கள். அடுத்த வாரம் வெள்ளையைச் சேருங்கள். சிவப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

பிரஷ் அரை அங்குலத்துக்குக் குறையாத தட்டைப் பிரஷாக இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் விரலால் அல்ல, தோளிலிருந்து கையை வீசி வரைகிறார்கள். அதனால் தாளும் ஏ3 அளவாவது வேண்டும். சாதாரண 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பேப்பர் ஈரத்தில் சுருண்டு கிழியும், 150-க்கு மேல் உள்ளதே தாங்கும். அகலமான அடியுள்ள டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வைத்தால் கவிழ்ந்தாலும் பெரிய சேதமில்லை.

பிசைமாவுக்கு இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். தண்ணீரை முக்கால் கப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பொம்மையின் கை காய்ந்ததும் உதிர்வது, வெறுமனே ஒட்டவைத்ததால்தான். சேரும் இரண்டு பக்கத்தையும் கீறி, தண்ணீர் தொட்டு அழுத்த வேண்டும். இதில் உப்பு மிக அதிகம், வாயில் போடும் வயதுக் குழந்தையிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். மணி, பொத்தான் போன்ற சின்னப் பொருட்கள் மூன்று வயதுக்குக் கீழ் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

வரைந்துகொண்டிருக்கும்போது "இது என்ன?" என்று கேட்பதை விடுங்கள். மூன்று வயதில் பல கிறுக்கல்கள் எந்தப் பொருளும் அல்ல, கை ஓடிய ஓட்டம். கேட்டதற்காக ஒரு பெயரைச் சொல்லிவைப்பார்கள். "இந்தக் கோடு ரொம்ப தூரம் போகுதே", "இதை எப்படி நிற்க வெச்சே?" என்று கண்ணுக்குத் தெரிவதைப் பற்றிப் பேசுங்கள்.

பரிசு ஆசையும் காட்டாதீர்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கிய குழந்தைகள், ஒன்றிரண்டு வாரம் கழித்து விருப்ப நேரத்தில் வரைவதற்குச் செலவிட்டது மற்றவர்களில் ஏறக்குறையப் பாதி நேரமே. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை.

தினம் ஒரு புதுச் செயல்பாடு தேடி ஓட வேண்டாம். ஒரே பொருளை இரண்டு வாரம் வைத்திருங்கள். முதல் சில நாள் அது என்னவென்று தடவிப் பார்ப்பதிலேயே போகும், அதன் பிறகுதான் சொந்த யோசனை வரும். முடிக்காத வேலையைக் கலைக்காமல் அலமாரியில் ஒரு தட்டின் மேல் பெயரெழுதி வையுங்கள், மறுநாள் அவர்களே எடுத்துத் தொடரட்டும்.