தடை மட்டும் போதாது
அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைத் தடை செய்வதே பாதுகாப்பு என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அம்முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவன மென்பொருளின் மூல நிரலைச் சாட்ஜிபிடியில் உள்ளிட்டதையடுத்து அந்நிறுவனம் விதித்த தடையும், 2025 ஜனவரியில் இந்திய நிதியமைச்சகம் அலுவலகக் கணினிகளில் இத்தகைய கருவிகளைத் தவிர்க்குமாறு அனுப்பிய அறிவுறுத்தலும் நியாயமான அச்சத்தில் பிறந்தவையே. ஆனால், அலுவலகக் கணினியில் மூடப்பட்ட கருவி ஊழியரின் கைபேசியில் திறந்தே இருக்கிறது; வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் உள்ள கடிதத்தை அதில் ஒட்டிச் சுருக்கம் கேட்டால், அது நிர்வாகத்தின் கண்ணுக்கே படாது. உள்ளிடும் தரவைக் கருவியின் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே உறுதி தரும், நிறுவனங்களுக்கான பயனர் கணக்கை வாங்கிக் கொடுத்து, பெயரையும் எண்களையும் நீக்கிய பிறகே எதையும் ஒட்ட வேண்டும் என்று ஊழியர்களைப் பழக்குவதே நடைமுறைக்கு ஒத்த வழி. கருவி தந்த வரைவில் கையொப்பமிடுபவர், அதிலுள்ள ஒவ்வொரு தொகையையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.