ரெக்கார்டிங் வசதி என்று சொல்லி விற்கும் செட்டாப் பாக்ஸ்கள்

ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பிறகு பார்க்க வேண்டும், இவ்வளவுதான் தேவை, அதற்கு ஏன் இத்தனை பாடு? அட்டைப்பெட்டியில் ரெக்கார்டிங் வசதி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் பென் டிரைவ் தனியாக வாங்க வேண்டுமாம். சரி, வாங்கிச் சொருகினால், அதில் இருப்பதையெல்லாம் அழித்தால்தான் வேலை செய்வேன் என்கிறது. பதிந்ததை லேப்டாப்பில் போட்டால் ஓடாது, பூட்டு போட்டு வைத்திருக்கிறார்கள், அதே பெட்டியில் மட்டும்தான் ஓடும், பெட்டி பழுதானால் பதிந்தது அத்தனையும் போச்சு. உள்ளே இருப்பது சேனலைப் பிடிக்கிற டியூனர் ஒரே ஒன்று, அதனால் அம்மாவின் சீரியல் பதிவாகும்போது வேறு சேனலில் கிரிக்கெட் பார்க்க முடியாது. இதையெல்லாம் விற்கும்போது யாராவது வாயைத் திறந்து சொல்கிறார்களா?

அப்புறம், சேனல் தருகிற டிடிஎச், கேபிள் நிறுவனத்தை மாற்றினால் பழைய பெட்டி குப்பைக்குத்தான். சிம்மை மாற்றினால் போனைத் தூக்கிப் போடுகிறோமா என்ன? எந்த நிறுவனத்துக்கும் பொருந்துகிற பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. அதற்குப் பிறகும் என் வீட்டு அலமாரியில் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பெட்டிகள்தான் சேர்கின்றன. என் காசில் வாங்கிய பென் டிரைவில் நான் பதிந்ததை எங்கே பார்க்கலாம் என்று முடிவு செய்ய இவர்கள் யார்?