தள்ளாடாத குடி

எங்க ஊரில் குடிகாரன் என்றால் வேட்டி விலகி ரோட்டோரம் கிடக்க வேண்டும். பல்லடம் பக்கம் தறிக் குடோன்களில் சனிக்கிழமை சம்பளம் போட்டதும் அப்படிக் கிடப்பவர்கள் உண்டு. ஞாயிறும் குடி, திங்கள் லேட்டாக வேலை, அப்புறம் அடுத்த சனி வரை வெறும் டீதான். வண்டியில் விழுவது, அடிதடி எல்லாம் இவர்கள் கணக்கில்தான். இல்லை என்று சொல்லவில்லை.

என் பெரியப்பா ஒருநாளும் தள்ளாடியதில்லை. ராத்திரி எட்டரைக்கு ஒரு குவார்ட்டர், தயிர்ச்சோறு, தூக்கம். இருபது வருஷமாக இதேதான். "அளவாக் குடிக்கிற மனுசன்" என்று பெரியம்மாவே சொல்லும். அந்த அளவைக் கணக்குப் போட்டால், 42.8 சதவீதச் சரக்கில் 180 மில்லிக்குச் சுமார் 60 கிராம் ஆல்கஹால். கடைசி ஒரு வருஷம் காலையில் கை நடுங்காமல் இருக்க ஒரு கட்டிங்கும் சேர்ந்தது. அது யாருக்கும் தெரியாது.

போன கார்த்திகையில் மாலை போட்டார். அன்றைக்கே குடியை நிறுத்தினார். சாயங்காலமே வேர்த்துக் கொட்டியது, சொம்பு கையில் நிற்கவில்லை. மறுநாள் வலிப்பு. விரதத்தில் ஏதோ குறை, சாமி குத்தம் என்று திருநீறு போடக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, "செவுத்துல பூரான் ஓடுது, அடிங்க" என்று கட்டிலில் ஏறி நின்றார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பக் குடிச்சார்?"

தினமும் குடித்துப் பழகிய மூளை, சரக்கு திடீரென்று நின்றால் தறிகெட்டு ஓடுமாம். ஆளையே கொல்லும். நடுக்கம் அடங்க மாத்திரை கொடுத்து நாளுக்கு நாள் குறைத்தார்கள், பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். நாமோ இதை வைராக்கியத்தோடு முடிச்சுப் போடுகிறோம். 48 நாள் சுத்தமாக இருந்துவிட்டு, மலையிறங்கியதும் வேனிலேயே பாட்டிலைத் திறக்கிற எங்க மாமாவுக்கு மட்டும் வைராக்கியம் அதிகமா என்ன? அவர் குடியின் வாகு வேறு, அவ்வளவுதான்.

1960இல் ஜெலினெக் என்கிற, குடிநோயை ஆராய்ந்த அமெரிக்கர் இதைத்தான் பிரித்துச் சொன்னார். சிலரால் நாள்கணக்கில் விட்டிருக்க முடியும், தொட்டால் நிறுத்த முடியாது. சிலருக்கு அளவு தப்பாது, ஆனால் ஒருநாள்கூட விட்டிருக்க முடியாது. பிரான்சின் ஒயின் குடிகாரர்களை வைத்து அவர் சொன்ன இந்த இரண்டாவது வகை பெரியப்பாவுக்கு அச்சாகப் பொருந்துகிறது.

தினக்குடி ஆள் வீட்டில் இருந்தால், நிறுத்தும் முன் டாக்டரிடம் கூட்டிப் போங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதைப் பார்க்க மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற பெயரைப் பார்த்துத்தான் நம்மாட்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

பெரியப்பா இப்போது தேறிவிட்டார். விசாரிக்க வருகிறவர்களிடம் பெரியம்மா இன்னும், "சுகர் எறங்கிப் போச்சுங்க" என்றுதான் சொல்கிறது.