சூசியா: ஒரே பெயர், இரண்டு ஊர்

இஸ்ரேல் பிடித்துவைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக்கரையில், ஹெப்ரோன் நகரத்துக்குத் தெற்கே உள்ள மலைகளில், சூசியா என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று 1983இல் ஆசாரமான யூதக் குடும்பங்கள் வந்து அமைத்த குடியிருப்பு. குழாயில் தண்ணீர், கம்பியில் மின்சாரம். இன்னொன்று பாலஸ்தீனர்களின் ஊர். தார்ப்பாய்க் கூடாரம், தகரக் கொட்டகை, ஆடுகள்.

இரண்டுக்கும் பக்கத்தில் பழைய யூத ஜெபக்கூடத்தின் இடிபாடு. 1970களின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். அந்த மொசைக் தரையின் படங்களை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. ஏழு கிளை விளக்கு, எபிரேய எழுத்துகள். இசி என்ற குரு நேர்ந்துகொண்டபடி இந்தத் தரையைப் போட்டார், சுவருக்குச் சுண்ணாம்பு பூசினார் என்று ஒரு வரி. (நம்மூர் டியூப்லைட் உபயம் ஞாபகம் வந்துவிட்டது.) பின்னாளில் அதே முற்றத்தில் மசூதியும் இருந்திருக்கிறது.

யூதர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தரையைப் பட்டாவாக்கியதுதான் உறுத்துகிறது. இடிபாட்டைச் சுற்றி, குகைகளில், பாலஸ்தீனக் குடும்பங்கள் இருந்தன. 1986இல் இஸ்ரேல் அதிகாரிகள் அதைத் தொல்லியல் இடம் என்று அறிவித்து அவர்களை வெளியேற்றினார்கள். அவர்கள் பக்கத்திலேயே இருந்த தங்கள் வயலுக்குப் போய்க் கூடாரம் போட்டார்கள்.

2001இல் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு யூத மேய்ப்பர் கொல்லப்பட்டார். அது கொலை, அதற்குச் சமாதானம் கிடையாது. ஆனால் அதையடுத்து இஸ்ரேல் ராணுவம் வந்து பாலஸ்தீனர்களின் குகைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் இடித்ததே, அதற்கு என்ன பெயர்?

சரி, சட்டப்படி வீடு கட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் 1990களில் செய்துகொண்ட ஓஸ்லோ ஒப்பந்தத்தின்படி அந்த இடம் ‘சி’ பகுதி, அதாவது இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. கட்டட அனுமதி இஸ்ரேல் ராணுவ நிர்வாகத்தின் கையில். பாலஸ்தீனர்கள் தங்கள் ஊருக்கான திட்டத்தை வரைந்து கொண்டுபோனார்கள். 2013இல் தள்ளுபடி. சொன்ன காரணம்தான் விசேஷம்: இப்படி ஒதுங்கிக் கிடந்தால் வறுமை தீராதாம், பக்கத்திலுள்ள பாலஸ்தீன நகரமான யட்டாவை ஒட்டிக் குடியேறினால் முன்னேறலாமாம்.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் யூத சூசியாவும் நகரத்தை விட்டுத் தள்ளி, மலைமேல் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர்தான். அவர்களிடம் யாரும் முன்னேற்றம் பேசப் போகவில்லை.