‘சீன மொழியிலிருந்து வந்தது’ என்று எழுதினால் போதுமா?

ஆங்கிலம் எந்த மொழியிலிருந்தும் தயங்காமல் சொல்லை எடுத்துக்கொள்ளும் தாராள மனம் படைத்த மொழி, அதனால்தான் அது உலகெங்கும் பரவியது, தமிழும் அப்படிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்லும் பதிவுகள் அவ்வப்போது கண்ணில் படுகின்றன. அவற்றில் சான்றாகக் காட்டப்படும் பட்டியலில் டீ, கெட்சப், சுனாமி, டைகூன், எமோஜி ஆகியவை தவறாமல் இடம்பெறும். அந்தப் பட்டியலோடு எனக்குச் சண்டை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ‘சீனம்’ என்றோ ‘ஜப்பானியம்’ என்றோ ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சொல்லை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனவர்கள் வணிகர்கள், மாலுமிகள், சிப்பாய்கள், சமையற்காரர்கள். எந்தத் துறைமுகத்தில், யார் வாயிலிருந்து, எந்த நிலைமையில் அந்தச் சொல் ஆங்கிலேயரின் காதில் விழுந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், அதன் வரலாற்றில் பாதியை மறைத்துவிட்டோம் என்றே பொருள்.

தேநீரிலிருந்தே தொடங்கலாம். சீனத்தில் அதற்கு எழுத்து ஒன்றுதான், வாய்மொழி பல. தெற்கே கான்டன் (இன்றைய குவாங்சோ) பக்கத்திலும் வடக்கே மாண்டரின் பேசும் பகுதிகளிலும் அந்த எழுத்தைச் ‘சா’ என்று படிப்பார்கள். ஃபூஜியன் மாகாணக் கரையில், சியாமென் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஹொக்கியன் பேச்சில் அது ‘தே’. சீனத்தின் தென்கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்தில் தங்கி வணிகம் செய்த போர்த்துக்கீசியர் ‘சா’வை எடுத்துக்கொண்டார்கள், இன்றும் அவர்கள் மொழியில் அது ‘ஷா’தான். ஃபூஜியன் வணிகர்களிடம் கொள்முதல் செய்த டச்சுக்காரர்கள் ‘தே’யை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றார்கள். ஆங்கிலேயருக்கு முதலில் காதில் விழுந்தது ‘சா’ என்பதற்குச் சான்று இருக்கிறது. ஜப்பானின் ஹிராடோவில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613 முதல் 1623 வரை ஒரு பண்டகசாலை நடத்தியது. அங்கிருந்த ரிச்சர்ட் விக்கம் 1615 ஜூனில் தன் சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் நல்ல ‘சா’ ஒரு பானை வாங்கி அனுப்பச் சொல்கிறார். ஆனால் 1660 செப்டம்பர் 25 அன்று லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் தன் நாட்குறிப்பில் முதல்முறையாக அந்தப் பானத்தைக் குடித்ததை எழுதும்போது, சொல் ‘டீ’ என்று மாறிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவின் தேயிலை வணிகம் டச்சுக்காரர் கைக்குப் போயிருந்தது. எந்தக் கப்பலில் சரக்கு வந்ததோ அந்தக் கப்பலின் சொல்லே நிலைத்தது.

நம் ‘தேயிலை’யிலும் இலங்கைத் தமிழரின் ‘தேத்தண்ணி’யிலும் இருப்பது அதே ஹொக்கியன் ‘தே’தான், கடலோர ஊர்களில் இன்றும் புழங்கும் ‘சாயா’வில் இருப்பது மற்றொரு வழியாக வந்த ‘சா’. இரண்டையும் ‘சீனச் சொல்’ என்று ஒரே முத்திரை குத்தி வைத்தால் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாமல் போகும். ஹொக்கியன் பேசுபவரும் கான்டனீஸ் பேசுபவரும் அவரவர் மொழியில் பேசிக்கொண்டால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. அப்படியிருக்க, ‘சீனம்’ என்ற ஒரே பெயருக்குள் இவர்கள் எல்லோரையும் அடைப்பது, பேசிய மக்களை அழித்துவிட்டு அரசின் பெயரை மட்டும் நிறுத்துவதாகவே எனக்குப் படுகிறது.

கெட்சப்பின் கதை இன்னும் செறிவானது. அது தக்காளிச் சாறு என்று பொருள்படும் கான்டனீஸ் சொல்லிலிருந்து வந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தக்காளி அந்தக் குழம்புக்குள் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே ஆங்கிலத்தில் சொல் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிவந்த ஓர் ஆங்கில அகராதியிலேயே ‘கேச்சப்’ பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளும் விளக்கம், ஹொக்கியன் மொழியில் உப்பிட்ட மீனிலிருந்து வடியும் சாற்றைக் குறித்த ‘கே-சியாப்’ என்ற சொல்லே இதன் மூலம் என்பதாகும். ஃபூஜியன் வணிகர்களும் குடியேறிகளும் அதைத் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோனார்கள். மலாய் மொழியில் அது ‘கெச்சாப்’ ஆனது. இந்தோனேசியாவில் இன்றும் ‘கெச்சாப்’ என்று கேட்டால் சோயா சாஸைத்தான் எடுத்துத் தருவார்கள்.

சென்னைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. சார்ல்ஸ் லாக்கியர் என்ற ஆங்கில வணிகர் புனித ஜார்ஜ் கோட்டை, மலாக்கா, கான்டன் எனப் பல துறைமுகங்களின் விலைவாசியையும் வணிக முறைகளையும் விவரித்து 1711இல் ஒரு நூல் வெளியிட்டார். சோயா ஜப்பானிலிருந்து பீப்பாய்களில் வருகிறது, முதல்தரக் கெட்சப் டொன்கினிலிருந்து, அதாவது இன்றைய வட வியட்நாமிலிருந்து வருகிறது, இரண்டும் சீனத்தில் மலிவாகக் கிடைக்கும், இதைவிட ஆதாயம் தரும் சரக்கு எனக்குத் தெரியாது என்று அதில் குறித்திருக்கிறார். அந்தச் சரக்கு இங்கிலாந்தில் விலை கூடியதாக இருந்ததால், அங்கே வீட்டிலேயே போலியாகச் செய்யத் தொடங்கினார்கள். 1727இல் எலைசா ஸ்மித் வெளியிட்ட சமையல் நூலில் நெத்திலி வகை மீனை ஊறவைத்துச் செய்யும் ‘ஆங்கிலக் கெட்சப்’ இருக்கிறது. பிறகு காளான், வால்நட் என்று மாறி, 1812இல் பிலடெல்பியாவின் ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் தக்காளியில் செய்யும் முறையை அச்சேற்றினார். 1876இல் ஹைன்ஸ் நிறுவனம் அதைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. மீன் போனது, சர்க்கரை வந்தது, நிறம் சிவந்தது. இரண்டு நூற்றாண்டுகளில் பண்டம் முழுவதும் மாறிய பிறகும் ஃபூஜியன் மீனவர்களின் சொல் மட்டும் புட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு நெருங்கிய வணிகம் நடந்தும் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு நேரே போன சொற்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1757 முதல் 1842 வரை மேற்கு ஐரோப்பியர் கான்டனைத் தவிர வேறு சீனத் துறைமுகத்தில் வணிகம் செய்ய முடியாது. அங்கும் அவர்களுக்குச் சீன மொழி கற்பிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. சீனம் கற்ற கம்பெனி ஊழியர் ஜேம்ஸ் ஃப்ளின்ட் 1759இல் வடக்கே சென்று பேரரசருக்கு முறையீடு அளித்தபோது, அவர் மக்காவ் துறைமுகத்தில் சிறை வைக்கப்பட்டார். அந்த முறையீட்டை எழுத உதவிய சீனர் கொல்லப்பட்டார். மொழி சொல்லிக்கொடுத்தால் தலை போகும் என்ற நிலையில் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? ஆகவே துறைமுகத்தில் உடைந்த ஆங்கிலம் ஒன்று உருவானது. அதற்குப் பெயர் பிட்ஜின். ‘பிசினஸ்’ என்ற சொல்லைச் சீன வணிகர் உச்சரித்த விதமே அது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வேகமாக என்று பொருள்படும் ‘சாப்-சாப்’ அந்தப் பேச்சின் வழியாகத்தான் ஆங்கிலத்துக்கு வந்தது.

இன்னொரு சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. 1793இல் மக்கார்ட்னி பிரபு பிரிட்டிஷ் தூதராகச் சியான்லோங் பேரரசரிடம் சென்றபோது, மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி நிலத்தில் படும்படி வணங்கும் ‘கோ-டோ’ சடங்கைச் செய்ய மறுத்தார். அந்தத் தூதுக்குப் பிறகே இந்தச் சொல் ஆங்கிலத்தில் பரவியது. பின்னர் அது ‘கூனிக் குழைந்து அடிபணிதல்’ என்று பொருள் மாறியது. பேரரசருக்கு மட்டும் உரிய சடங்கன்று அது. பெற்றோருக்கும் முன்னோருக்கும் ஆசிரியருக்கும் சீனர்கள் செலுத்திய வணக்கம். நம் திருமணங்களில் மணமக்கள் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதை ஒருவர் பார்த்துவிட்டு, அதற்கான நம் சொல்லையே தன் மொழியில் அடிமைத்தனத்துக்குப் பெயராக்கிக்கொண்டால் நமக்கு எப்படி இருக்கும்? கடன் வாங்கியதைத் தாராளம் என்று பாராட்டுபவர்கள், கடன் வாங்கியவர் பொருளை என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்.

சீனம் ஆங்கிலத்துக்குத் தந்த கொடையில் கணிசமான பகுதி ஒலியாக இல்லாமல் மொழிபெயர்ப்பாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘முகம் இழத்தல்’ (மானம் போதல்), ‘காகிதப் புலி’ (மிரட்டலாகத் தெரிந்தும் உள்ளே வலுவில்லாதது), ‘மூளைச் சலவை’ ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் தோன்றியவை போலவே ஒலிக்கின்றன. மூன்றுமே சீனத் தொடர்களின் நேர் பெயர்ப்புகள். மாவோ 1946இல் அன்னா லூயிஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு அளித்த பேட்டியில் அணுகுண்டைக் காகிதப் புலி என்றார். மூளைச் சலவையை 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற பத்திரிகையாளர் ஆங்கிலத்தில் பரப்பினார்; கொரியப் போர் அதை வீட்டுச் சொல்லாக்கியது. நாமும் ஆங்கிலத்தைப் பார்த்து ‘மூளைச் சலவை’ என்று பெயர்த்துக்கொண்டோம். அது சீனத்திலிருந்து கிளம்பிய தொடர் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒலியாகவே சென்ற ஒரு சொல்லுக்கு நேர்ந்ததும் சொல்லத்தக்கது. ஜப்பானியப் படையெடுப்பால் ஆலைகள் அழிந்த நிலையில், 1938இல் சீனத் தொழிற்கூட்டுறவு இயக்கம் தொடங்கப்பட்டது; நியூசிலாந்துக்காரரான ரெவி ஆலி அதன் முதன்மையானவர்களில் ஒருவர். தொழில், கூட்டுறவு என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘கொங் ஹ’ என்று அதற்குச் சுருக்கப்பெயர் வைத்தார்கள். சீனத்தில் இருந்தபோது இந்த இயக்கத்தைக் கண்ட அமெரிக்க மரைன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன், அதை ‘சேர்ந்து உழைப்போம்’ என்ற முழக்கமாகப் புரிந்துகொண்டு, 1942இல் தான் தலைமை ஏற்ற படைப்பிரிவுக்கு அதையே கொள்கைச் சொல்லாக்கினார். அந்தப் பிரிவு 1942 ஆகஸ்டில் பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த மாக்கின் தீவைத் தாக்கியதும் சொல் செய்தித்தாள்களுக்கு வந்தது. இன்று ஆங்கிலத்தில் ‘கங்-ஹோ’ என்றால் முன்பின் யோசிக்காத அதீத உற்சாகம். அகதிகளான தொழிலாளர்கள் தறியும் பட்டறையும் அமைத்துப் பிழைத்த ஒரு கூட்டுறவின் பெயர்தான் அது என்பதற்கு அந்தச் சொல்லில் இப்போது எந்தத் தடயமும் இல்லை.

ஜப்பானியச் சொற்கள் வந்த பாதை வேறு. 17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து 1850கள் வரை அந்நாட்டோடு வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் நாகசாகியின் டெஜிமா என்ற செயற்கைத் தீவில் இருந்த டச்சுக்காரர்கள் மட்டுமே. எனவே ஜப்பானிய ‘ஷோயு’ டச்சு வாயில் புகுந்து ‘சோயா’ ஆகித்தான் ஆங்கிலத்தை அடைந்தது. தத்துவ அறிஞர் ஜான் லாக் 1679இல் எழுதிய குறிப்பொன்றில் ‘மாங்கோ’வும் ‘சாயோ’வும் கிழக்கிந்தியப் பகுதிகளிலிருந்து வரும் இருவகைக் குழம்புகள் என்கிறார். தமிழ் மாங்காயோ மலையாள மாங்ஙாவோ போர்த்துக்கீசியர் வழியாகப் போனது. ஜப்பானிய ஷோயு டச்சுக்காரர் வழியாகப் போனது. இரண்டும் லண்டன் உணவு மேசையில் அடுத்தடுத்து அமர்ந்தன. அந்த ஒரு வரியை நான் மிகவும் விரும்புகிறேன்.

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியின் போர்க்கப்பல்கள் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவுக்குள் நுழைந்த பிறகு கதவு வேறு விதமாகத் திறந்தது. ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனை வெளிநாட்டாரிடம் குறிக்கப் பயன்பட்ட ‘தைகுன்’ என்ற பட்டம் அமெரிக்கா போய் ‘டைகூன்’ ஆகி, லிங்கனின் செயலர்கள் தங்கள் அதிபருக்கு அன்பாக வைத்த பட்டப்பெயராகி, 20ஆம் நூற்றாண்டில் பெருமுதலாளியைக் குறிக்கலாயிற்று. 1868இல் ஷோகுன் ஆட்சியே முடிந்துவிட்டது; சொல் அமெரிக்காவில் வாழ்ந்தது. டோக்கியோவில் 1870ஐ ஒட்டி ஓடத் தொடங்கிய ‘ஜின்-ரிகி-ஷா’, அதாவது மனித-விசை-வண்டி, ஆசியத் துறைமுகங்களெங்கும் பரவியபோது ஆங்கிலேயர் முதல் அசையை வெட்டி ‘ரிக்‌ஷா’ ஆக்கினார்கள். வெட்டுப்பட்ட அந்த ‘ஜின்’தான் மனிதன். தமிழ்நாட்டில் கைரிக்‌ஷாவை 1973இல் கருணாநிதி தலைமையிலான அரசு ஒழித்தபோதுதான் இங்கே வண்டியிலிருந்தும் மனிதன் விடுபட்டான்.

சுனாமியைப் பற்றி நம்மவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அது ஒவ்வொரு கடலோர வீட்டிலும் உள்ள சொல். ஆங்கிலத்தில் அது வேரூன்றியது 1896 ஜூன் 15 அன்று ஜப்பானின் சன்ரிக்கு கரையில் ஏறத்தாழ 22,000 பேரைக் கொன்ற பேரலையைப் பற்றிய எழுத்துகளின் வழியாக. அதுவரை ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய பெயர் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதை, குறித்தது. ஓதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதால் அறிவியலாளர்களும் ஜப்பானியச் சொல்லையே தேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கரோகே, கைசென் (வேலையைத் தொடர்ந்து மேம்படுத்தும் மேலாண்மை முறை), எமோஜி எல்லாம் கண்முன் நடந்தவை. கான்டன் காலத்துச் சீனச் சொற்கள் படகுத்துறையின் ஏவற்சொற்களாகப் போனதையும், 1980களின் ஜப்பானியச் சொற்கள் மேலாண்மைப் பாடங்களாகப் போனதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்த நாடு எந்த நிலையில் இருந்தபோது எத்தகைய சொல் எடுக்கப்பட்டது என்பது தெளிவாகும். ஆங்கிலத்தின் மனம் தாராளமா குறுகலா என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

2024இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 23 ஜப்பானியச் சொற்களைப் புதிதாகச் சேர்த்தது; பெரும்பாலானவை உணவுச் சொற்கள். அவற்றில் ‘கட்சு’வும் ஒன்று. ஆங்கிலக் ‘கட்லெட்’ ஜப்பான் போய்க் ‘கட்சுரெட்சு’ ஆகி, சுருங்கிக் ‘கட்சு’ ஆகித் திரும்பி வந்திருக்கிறது. அதோடு இணைந்து வரும் ‘கட்சு கறி’யில் உள்ள கறி, நம் கறிதான், ஐரோப்பியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மூலமாக ஜப்பான் சென்று, இப்போது பிரிட்டிஷ் உணவகங்களின் பட்டியலில் ஜப்பானிய உணவாக நிற்கிறது. ஆகவே, தமிழில் சொற்பிறப்பு எழுதுபவர்களிடமும் பாடநூல் தயாரிப்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ரிக்‌ஷாவுக்கும் சுனாமிக்கும் ‘ஆங்கிலம்’ என்று அடைப்புக்குறி போட்டு முடித்துவிடாதீர்கள். தேயிலைக்கு ‘ஹொக்கியன்’ என்று எழுதுங்கள், ‘டச்சு வழி’ என்று எழுதுங்கள், தெரிந்தால் துறைமுகத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.