குழுவாக உட்கார வைத்தால் மட்டும் அது கூட்டுறவுக் கற்றல் ஆகிவிடாது

"கூட்டுறவுக் கற்றல் கணக்குக்கு ஒத்துவராது. ஒருவர் போடுவார், மற்றவர்கள் பார்த்து எழுதுவார்கள். பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சியில் இதைத் தொடவே வேண்டாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது பல வகுப்புகளில் நடக்கிறது, உண்மைதான். ஆனால் அது வெறும் குழு வேலை. கூட்டுறவுக் கற்றல் என்றால், சிறு குழுவில் ஒவ்வொருவரும் தானும் கற்று, மற்றவர்கள் கற்கவும் பொறுப்பேற்பது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லாவின் உருவாக்கிய கூட்டுறவுக் கற்றல் முறையைப் பாருங்கள். முதலில் ஆசிரியர் பாடம் நடத்துவார். பிறகு திறன் கலந்த 4 பேர் சேர்ந்து பயிற்சி செய்வார்கள். அப்புறம் தேர்வு தனித்தனியாகத்தான்; யாரும் யாருக்கும் உதவ முடியாது. குழுவின் புள்ளி, ஒவ்வொருவரும் தன் பழைய சராசரியிலிருந்து எவ்வளவு முன்னேறினார் என்பதை வைத்து வரும். வழக்கமாக 35 எடுப்பவர் 50 எடுத்தால் குழுவுக்கு 30 புள்ளி. 95 எடுப்பவர் 90 எடுத்தால் 10 புள்ளிதான். விடையைக் காட்டிவிடுவதால் குழுவுக்கு எந்தப் பயனும் இல்லை. புரிய வைத்தே ஆக வேண்டும்.

கணக்குக்கு ஒத்துவராது என்பதும் சரியல்ல. அதே ஸ்லாவின் 3 முதல் 6ஆம் வகுப்புக் கணிதத்துக்கென்றே தனியாக ஒரு கூட்டுறவு முறை வகுத்தார்.

பயிற்சிக்குப் போகிறவர்களே, பயப்படாதீர்கள். வகுப்பாசிரியரிடம் பழைய மதிப்பெண்களைக் கேட்டு வாங்குங்கள். பின்னக் கூட்டல் மாதிரி ஒரே ஒரு தலைப்பில் தொடங்குங்கள். தனித்தேர்வை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.